நாற்பத்தோராவது ஆடு

அரசாங்கத்தை ஏமாற்றிக் கூடுதலாகக் காசு எடுத்தவர்களைப் பற்றி நீங்கள் நிறைய வாசித்திருப்பீர்கள். அரசாங்கம் வலியக் கொடுக்க வந்த காசை, பொய் சொல்லி, மெனக்கெட்டுக் குறைத்து வாங்கிய ஒருவனைப் பற்றி வாசித்திருக்க மாட்டீர்கள். அது நான்தான். யாரும் என்னைத் தூண்டவில்லை. முழுக்க என் சொந்த மூளை.

கொரோனா வந்த வருடம் எனக்கு முப்பத்தெட்டு வயது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில், கணக்காளர் ஒருவரின் அலுவலகத்தில் வேலை. கணக்காளர் நான் அல்ல; நான் அவருக்குப் பக்கத்து மேசை. ஆனாலும் சொந்தக்காரர் மத்தியில் எனக்கு 'ஃபோம் நிரப்பத் தெரிந்தவன்' என்று ஒரு பெயர் இருந்தது. அந்த வசந்த காலத்தில் வேலை இழந்தவர்களுக்கான கொடுப்பனவுக்கு ஒரு கலியாண மண்டபம் கொள்ளக்கூடிய சனத்துக்கு நான் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன். எல்லாருக்கும் காசு வந்தது. (கேட்ட எல்லாருக்கும் கொடுத்த காலம் அது. நான் அதை என் திறமை என்று நினைத்துக்கொண்டேன்.) அதற்குப் பிறகு தொலைபேசி அடித்தால்கூடத் தொண்டையைச் செருமிவிட்டுத்தான் எடுப்பேன்.

இப்போது அக்காவும் அத்தானும். அத்தான் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் நின்று வேலை செய்தவர். அக்கா பேக்கரியில் பாண் பொதி செய்தவர். இருவரும் ஸ்காபரோ வீட்டை விற்று, ரொறன்ரோவிலிருந்து கிழக்கே இரண்டு மணித்தியாலம் ஓடினால் வருகிற ஒரு நாட்டுப்புறத்தில் பண்ணை வாங்கி ஆடு வளர்த்தார்கள். ஆடு மேய்க்கிறதென்றால் ஏஜென்சிக்காரனுக்கு இவ்வளவு காசு கட்டிக் கனடாவுக்கு வந்திருக்கத் தேவையில்லை என்று எங்கள் பெரியப்பா சொன்னார். அப்படிச் சொன்ன பெரியப்பாதான் தீபாவளிக்கு முதல் ஆளாக இறைச்சிக்குப் போய் நிற்பார்.

வியாபாரம் நன்றாகத்தான் போனது. கலியாணம், பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, ஐம்பதாவது பிறந்தநாள் என்று ஸ்காபரோவின் கேட்டரிங்காரர் எல்லாரும் அத்தானிடம்தான் ஆடு எடுத்தார்கள். கொரோனா வந்து மண்டபங்களைப் பூட்டினார்கள். கலியாணங்கள் பத்துப் பேரோடு வீட்டு வாகனத் தரிப்பிடத்தில் நடந்தன. பத்துப் பேருக்கு யார் ஆடு அடிப்பார்கள்? ஆனால் விற்காத ஆடு சும்மா நிற்காது. தின்னும், குட்டி போடும். ஐப்பசி பிறந்தபோது பண்ணையில் குளிர்காலத்துக்கு வேண்டிய வைக்கோல் பாதியும் இல்லை. பனி விழ முன்னர் வாங்காவிட்டால் தாய் ஆடுகளை ஏலத்துக்குக் கொண்டுபோய் அடிமாட்டு விலைக்குத் தள்ளவேண்டும். தாய் ஆடு போனால் பண்ணையும் போனதுதான்.

அந்த நேரத்தில்தான் அரசாங்க நிவாரணம் ஒன்று வந்தது. கொரோனாவால் விற்கமுடியாமல் பண்ணையில் தேங்கி நிற்கிற விலங்குகளுக்குத் தீன் செலவு. ஒரு தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. அக்கா எனக்குத் தொலைபேசி அடித்தார். நான் தொண்டையைச் செருமினேன்.

ஃபோமில் முக்கியமான கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பண்ணையில் எத்தனை ஆடு நிற்கிறது? அத்தானிடம் தொலைபேசியில் கேட்டேன்.

"கிடக்குது, கொஞ்சம்," என்றார்.

கொஞ்சம் என்று எழுத முடியாது, எண் வேண்டும் என்று விளங்கப்படுத்தினேன். மறுமுனையில் ஆடு கத்துவது கேட்டது.

"சரி, ஒரு நாப்பதெண்டு போடன்."

நான் கணக்காளருக்குப் பக்கத்து மேசைக்காரன் அல்லவா? நாற்பது என்று மொட்டையாகப் போட்டால் குத்துமதிப்பு என்று தெரிந்துவிடும் என்று யோசித்தேன். கலியாண உறைக்குள் நூறு டொலர் வைக்கக் கூசி நூற்றியொன்று வைக்கிற சனம் நாங்கள். ஒன்றைக் கூட்டி நாற்பத்தொன்று என்று எழுதி அனுப்பினேன். ஆக அந்த விண்ணப்பத்தில் நாற்பது ஆடு அத்தானுடையது. ஒன்று என்னுடையது.

மூன்று கிழமையில் பதில் வந்தது. புதன்கிழமை பதினொரு மணிக்கு ஓர் அலுவலர் நேரில் வந்து ஆடுகளைப் பார்ப்பார், அதன் பிறகு காசு வரும் என்றிருந்தது. கதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் வாய் திறக்கவேண்டாம் என்று அத்தானுக்குச் சொல்லிவைத்தேன். லீவு போட்டேன். மனைவியின் தம்பி கலியாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு எட்டரை மணிக்கே பண்ணையில் போய் இறங்கினேன். ஆட்டுக்கொட்டிலுக்குக் கோட்டோடு போன முதல் மனிதன் நானாகத்தான் இருக்கும்.

கொட்டில் கதவைத் திறந்தேன். ஆடு நின்றது. அதற்குப் பின்னால் ஆடு நின்றது. அதற்கும் பின்னால், வெளிச்சம் போகாத மூலை வரைக்கும் ஆடுதான். நான் எண்ணினேன். நம்பாமல் இன்னொருமுறை எண்ணினேன். இரண்டு முறையும் இரண்டு எண் வந்தது. இரண்டும் நாற்பத்தொன்றுக்குக் கிட்டவும் இல்லை. (உண்மையான எண்ணை இந்தக் கட்டுரையில் எழுதப்போவதில்லை. காரணம் கடைசியில் தெரியும்.)

"நாப்பதெண்டல்லோ அத்தான் சொன்னீங்கள்?"

"உள்ளதை எண்ணிச் சொல்லக்கூடாது தம்பி. நாவூறு பட்டிடும்."

அவருடைய விளக்கம் இது. இரண்டு வருடத்துக்கு முன்னர் யூனியன்வில்லிலிருந்து இறைச்சிக்கு வந்த ஒருவர், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அம்மாடி எத்தனை ஆடு என்று வாய்விட்டு எண்ணியிருக்கிறார். அந்தக் கிழமையே மூன்று குட்டி செத்தது. அன்று தொடக்கம் அத்தான் உண்மையான எண்ணை ஒருவருக்கும் சொன்னதில்லை. வங்கிக்குச் சொன்னதில்லை. அக்காவுக்கும் சொன்னதில்லை. அக்காவைக் கேட்டேன். தனக்கும் எண் தெரியும், ஆனால் தானும் அவருக்குச் சொன்னதில்லை என்றார். பதினொரு வருடமாக ஒரே கொட்டிலில் தீன் போடுகிற புருசனும் பெண்சாதியும். வெள்ளிக்கிழமைகளில் அக்கா உப்பும் செத்தல் மிளகாயும் கொண்டு கொட்டிலைச் சுற்றிவந்து நெருப்பில் போடுவாராம். அதற்கும் மேல் அரசாங்கத்துக்கு எண் சொல்லிக் காரியத்தைக் கெடுக்க அவர்கள் தயாரில்லை.

இந்த இடத்தில் புத்தியுள்ள ஒருவன் என்ன செய்திருப்பான்? அலுவலர் வந்ததும், மன்னிக்கவேண்டும், எண் பிழைத்துவிட்டது, ஆடு கூட நிற்கிறது என்று சொல்லியிருப்பான். தலைக்கு இவ்வளவு என்றுதானே காசு? ஆடு கூடினால் காசும் கூடும். இதைக் கண்டுபிடிக்கக் கணக்காளர் தேவையில்லை, பக்கத்து மேசையும் தேவையில்லை. ஆனால் எனக்கு அந்தக் காலையில் காசு கண்ணில் தெரியவில்லை. எழுதிக்கொடுத்த எண் ஒன்று, நிற்கிற எண் இன்னொன்று என்பது மட்டும்தான் தெரிந்தது.

அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. நானும் அக்காவும் அகதியாக வந்தபோது வழக்கறிஞரின் மொழிபெயர்ப்பாளர் முதல் நாளே ஒரு பாடம் சொல்லித்தந்தார். எழுத்தில் எந்த எண்ணைக் கொடுத்தாயோ, கடைசி மட்டும் அதே எண்ணில் நிற்கவேண்டும். அக்கா நிற்கவில்லை. பதுங்குகுழிக்குள் எத்தனை பேர் இருந்தீர்கள் என்பதற்கு எழுத்தில் ஏழு என்று கொடுத்தவர், விசாரணையில் எட்டு என்றார். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை முதலில் எண்ண மறந்துபோனார். கேட்ட மனிதர் கோபப்படவில்லை. நிச்சயமாகவா, யோசித்துச் சொல்லுங்கள் என்று மிக அன்பாகக் கேட்டார். அக்காவும் அன்பாகத் திருத்தினார். வழக்கு நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் வெல்ல நாலு வருடம் எடுத்தது. அந்த நாலு வருடமும் அக்கா வாசலில் மணி அடித்தால் திடுக்கிட்டார். என் முறை வந்தபோது எத்தனை சோதனைச் சாவடி என்று மூன்றுதரம் கேட்டார்கள். மூன்றுதரமும் ஒன்பது என்றேன். என்னை ஏற்றுக்கொண்டார்கள். (எத்தனை சாவடி என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.)

ஆகவே எண்ணை மாற்ற முடியாது. மாற்றக்கூடியது ஆட்டைத்தான்.

பண்ணையில் வேறு கொட்டில் இல்லை. பக்கத்துப் பண்ணை கண்ணுக்கெட்டாத தூரம். வீட்டுக்குப் பின்பக்கத்தால் நேரே பேஸ்மென்றுக்கு இறங்குகிற கதவு ஒன்று இருந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் அதைப் பார்ப்பதை அக்கா பார்த்தார்.

"தம்பி, கீழ கார்ப்பெற் கிடக்கு," என்றார்.

காசு வந்ததும் புதுக் கார்ப்பெற் போடலாம் என்றேன். அத்தான் தீன் வாளியைத் தட்டிக்கொண்டு முன்னால் நடந்தார், ஆடுகள் பின்னால் போயின. பேஸ்மென்றில் அவர்களுடைய சோபா, குளிரூட்டிப் பெட்டி, அரிசி மூட்டைகள், மகளின் சாமத்தியவீட்டு அலங்காரச் சாமான், கரோக்கிப் பெட்டி எல்லாம் இருந்தன. கடைசி ஆடுகளைத் தள்ளித்தான் கதவைச் சாத்தவேண்டியிருந்தது. மேலே போய்க் கொட்டிலில் மிஞ்சியதை எண்ணினேன். நாற்பது. அத்தான் தன் வாக்குத் தவறாமல் சரியாக நாற்பது விட்டிருந்தார். ஃபோமில் இருப்பது நாற்பத்தொன்று. திரும்ப இறங்கி, அதற்குள் சோபாவில் ஏறிப் படுத்துவிட்ட ஒரு மண்ணிற ஆட்டைக் கொம்பில் பிடித்து இழுத்துவந்து கொட்டிலில் சேர்த்தேன். அதுதான் நான் கற்பனையில் கூட்டிய நாற்பத்தோராவது ஆடு. கோட்டில் ஒரு பொத்தான் அதனுடைய வாயோடு போனது.

கீழே நின்ற ஆடுகள் கத்தத் தொடங்கின. அதை மறைக்கக் கரோக்கிப் பெட்டியில் நாதஸ்வரத்தைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டேன். அந்தப் பெட்டியின் மைக் சோபாவில் கிடந்ததை நான் கவனிக்கவில்லை.

பதினொரு மணிக்கு அலுவலர் வந்தார். அறுபது வயதிருக்கும் வெள்ளைக்காரப் பெண்மணி. முகக்கவசம், முழங்கால் வரை றப்பர் சப்பாத்து. கொரோனா விதிப்படி வீட்டுக்குள் வரமாட்டேன் என்றார். எனக்குப் பெரிய நிம்மதி. கொட்டிலுக்குள் போய்க் கையிலிருந்த கருவியைச் சொடக்கிச் சொடக்கி எண்ணி, நாற்பத்தொன்று என்றார். பிறகு தீன் தொட்டிகளை ஒரு பார்வை பார்த்தார். தரையில் கிடந்த ஆட்டுப் பிழுக்கையைச் சப்பாத்தால் மெல்லத் தள்ளிப் பார்த்தார். நாற்பத்தொரு ஆட்டுக்கு இது பெரிய கொட்டில் என்றார். அத்தானைப் பார்த்து ஏதோ கேட்டார். அத்தான் நான் சொன்னபடியே வாய் திறக்காமல் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்றேன். இருபத்திரண்டு வருடம் தொழிற்சங்கத்தில் இருந்த மனிதர் அவர்.

வெளியே வந்து தன்னுடைய காரின் முன்பக்கத்தில் கடதாசிகளை விரித்து எழுதத் தொடங்கினார். நாதஸ்வரம் நன்றாகவே கேட்டது. என்ன இசை என்றார். பூசை நேரம் என்றேன். அப்படியே அதில் விட்டிருந்தால் தப்பியிருப்போம். நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினார்.

"மே," என்றது பேஸ்மென்ற்.

சாதாரண மே அல்ல. கரோக்கி மைக்கில், எதிரொலியோடு, கலியாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் தோழன் வாழ்த்துரை சொல்வது போல. மே, மே, மே என்று அது வளவு முழுக்கப் போய் அடங்கியது. அலுவலர் பேனையை வைத்துவிட்டுத் திரும்பினார். வீட்டின் அடியில், நிலமட்டத்தில் இருந்த சின்ன யன்னலில் ஓர் ஆடு நின்று, அக்கா மகளின் சாமத்தியவீட்டுப் பிளாஸ்ரிக் தோரணத்தைச் சப்பியபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அது யாருடையது என்று கேட்டார். ஒரு நண்பருடையது என்றேன். ஒன்றுதானா என்றார். பக்கத்தில் இரண்டாவது முகம் வந்தது. சில, என்றேன்.

அவர் பேனையை மறுபடி எடுத்தார். பிறகு, உங்களிடம் மொத்தமாக எத்தனை ஆடு இருக்கிறது என்று கேட்டார். நாற்பத்தொன்று என்றேன். கீழே நிற்பவை உங்களுடையவை இல்லையா என்றார். இல்லை, எங்களுக்கு நாற்பத்தொன்றுதான் என்றேன். அவர் குரலைத் தணித்து, மிக அன்பாக மூன்றாம் தரம் கேட்டார்.

"நிச்சயமாகவா? எண்ணைத் திருத்துவதென்றால் இப்போதே திருத்தலாம்."

அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். பதினெட்டு வருடத்துக்கு முன்னர் விசாரணை அறையில் கேட்ட அதே அன்பு. அக்கா பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்:

"தம்பி, அவ நல்ல மாதிரித்தான் கேக்கிறா."

"அண்டைக்கும் நல்ல மாதிரித்தான் கேட்டவை, அக்கா."

நான் அலுவலரிடம் திரும்பி நாற்பத்தொன்று என்றேன். பேஸ்மென்றில் நிற்பவை எங்களுடையவை அல்ல என்று எழுத்தில் தரமுடியுமா என்று கேட்டார். நான் நல்ல ஆங்கிலத்தில் எழுதி, கையெழுத்து வைத்து, அத்தானையும் வைக்கச்செய்தேன். அவர் போனார். நான் வென்றவன் மாதிரி அக்கா தந்த தேத்தண்ணியைக் குடித்தேன். அத்தானுக்கும் சந்தோசம்தான். எண் வெளியே போகவில்லை.

கடதாசிகளைக் கோவைக்குள் அடுக்கும்போதுதான் நிவாரணத்தோடு வந்த கைநூலை முதல்முறையாகத் திறந்தேன். (ஃபோம் நிரப்பத் தெரிந்தவர்கள் கைநூல் வாசிப்பதில்லை.) விண்ணப்பத்தில் உள்ள எண்ணுக்கும் நிற்கிற விலங்குக்கும் வித்தியாசம் இருந்தால் அலுவலர் நேரில் திருத்திக்கொள்வார், விண்ணப்பதாரர் கவலைப்படத் தேவையில்லை என்று இரண்டாம் பக்கத்திலேயே எழுதியிருந்தது. கவலைப்படத் தேவையில்லை என்பதைத் தடித்த எழுத்தில் வேறு போட்டிருந்தார்கள்.

அடுத்தநாள் அந்தப் பெண்மணிக்குத் தொலைபேசி எடுத்து முழுக் கதையையும் ஒப்புவித்தேன். நாவூறு, பதுங்குகுழி, கைக்குழந்தை, கரோக்கி, ஒன்றும் விடவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். ஒரு பிடி பிழுக்கையைப் பார்த்தாலே எத்தனை ஆடு என்று தனக்குத் தெரியும் என்றார். தன்னுடைய தகப்பனும் மாடு வளர்த்தவர், எத்தனை மாடு என்று யார் கேட்டாலும் 'போதுமான அளவு' என்றுதான் சொல்வார் என்றார். ஆனால் அந்த ஆடுகள் எங்களுடையவை அல்ல என்று எங்கள் கையெழுத்தோடு போய்விட்டது, இனித் தன்னால் ஒன்றும் செய்யமுடியாது என்றார்.

"நான் மூன்று தரம் கேட்டேன்," என்றார் கடைசியில்.

குற்றம் சாட்டுகிற குரலில் அல்ல. உண்மையாகவே கவலைப்பட்டார். அதுதான் எனக்குத் தாங்கமுடியவில்லை.

காசு வந்தது, நாற்பத்தொரு தலைக்கு. மிச்ச ஆடுகளும் வாயைக் கட்டிக்கொண்டு இருக்காது. அத்தானிடம் போய் விசயத்தைச் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். காசு போனால் போகுது, ஆடு நிக்குதுதானே என்றார். அவர் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்று திரும்பி வருகிற வழி முழுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து, குசினி திருத்துவதற்கென்று நானும் மனைவியும் சேர்த்து வைத்திருந்ததை எடுத்து வைக்கோல் வாங்கிக் கொடுத்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைகளில் போய் அதைச் சுமந்து போட்டதும் நான்தான். கோட்டில்லாமல். ஒரு தாய் ஆடும் ஏலத்துக்குப் போகவில்லை.

எங்கள் குசினி இன்றைக்கும் பழைய குசினிதான். பிணைச்சல் கழன்ற அலுமாரிக் கதவு ஒன்று நூலில் கட்டியபடி நிற்கிறது. வருகிறவர்களுக்கு மனைவி அதைக் காட்டி, உதுக்குள்ள ஆடு நிக்குது, திறக்காதேங்கோ என்பார். கலியாணவீட்டுக்காரர் எத்தனை பேர் சாப்பிட வருவீர்கள் என்று கேட்டால், எண்ணிச் சொல்லவோ, இவர் எழுதினமாதிரிச் சொல்லவோ என்பார். இங்கே பிறந்த என் மகளுக்கு நாற்பத்தொன்று என்பது ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. நான் வேகமாகக் கார் ஓட்டவில்லை என்று சாதித்தால், "அப்பா, டோன்ற் போர்ட்டி-வன் மீ," என்கிறாள், எனக்கு நாற்பத்தொன்று சொல்லாதே என்று. அவளுடைய சிநேகிதிகளும் சொல்கிறார்களாம். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது.

போன வசந்தத்தில் அரசாங்கத்திடமிருந்து அத்தானுக்கு இன்னொரு ஃபோம் வந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு ஸ்காபரோவுக்கு எங்கள் வீட்டுக்கே வந்தார். நான் வேறு யாரையாவது பிடியுங்கள் என்றேன். அவர் கேட்கவில்லை. அக்காவும் மனைவியும் குசினிக்குள் போகும்வரை பொறுத்திருந்து, கதவைச் சாத்திவிட்டு, என் காதுக்குக் கிட்டே குனிந்து உண்மையான எண்ணைச் சொன்னார். வங்கிக்கும் அக்காவுக்கும் சொல்லாத எண். அவ்வளவு நடந்த பிறகும் எனக்குச் சொன்னார். என் கண் கலங்கியது. அதை அப்படியே ஃபோமில் எழுதினேன், ஒன்றும் கூட்டவில்லை.

"வெளியில விட்டிடாத," என்றார்.

எனக்கு நாவூறில் நம்பிக்கை இல்லை. படித்தவன், பக்கத்து மேசைக்காரன். ஆனால் இதை வாசித்துவிட்டு அத்தானிடம் எத்தனை ஆடு நிற்கிறது என்று என்னைக் கேட்டால், நீங்கள் எத்தனை தரம் கேட்டாலும், எவ்வளவு அன்பாகக் கேட்டாலும், நாற்பத்தொன்று.